பத்தரைக்கு வரச் சொன்னேன்

பார்ன்ஸ்லி,
8 பிப்ரவரி 1998

அன்புள்ள சீதா,

நலமா? இங்கே சீமையில் ஒரே பனி. காலையில் கார் கண்ணாடியைச் சுரண்டியே கை மரத்துப்போகிறது.

ஸ்பெஷலிஸ்ட் ஆகாமல் அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். நம் ஊரில் "வெறும் எம்.பி.பி.எஸ்." என்று உதட்டைப் பிதுக்குவார்களே, அந்த ஆள் இங்கே வாசல் மாதிரி. யாராக இருந்தாலும் முதலில் எங்களிடம்தான் வர வேண்டும். நாங்கள் அனுப்பினால்தான் பெரிய ஆஸ்பத்திரி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பதிந்துவைத்த டாக்டர் உண்டு. பார்க்கக் காசு கிடையாது. அதனால் "மருந்தே வேண்டாம், போய்த் தூங்குங்கள்" என்று தைரியமாகச் சொல்லலாம். முதல் தடவை சொன்னபோது எனக்கே திருட்டு முழி!

ஆளுக்குப் பத்து நிமிடம், நேரம் முன்பே குறித்துக் கொடுத்துவிடுவோம். நீயும் செய்து பாரேன். பயிற்சி முடிந்ததும் ஊருக்கு வருகிறேன் என்று சொன்னேன்தான், இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

உன் சௌம்யா

ஹெப்பகோடி,
1 மார்ச் 1998

அடி சௌம்யா,

கேட்கவே நன்றாயிருக்கிறது. இங்கே ஊசி போடாமல் அனுப்பினால், "அந்த மேடத்துக்கு ஒண்ணும் தெரியல" என்று எதிர் மருந்துக்கடைக்குப் போய்விடுகிறார்கள். அம்மா வேறு, "எத்தனை நாள் காய்ச்சல் டாக்டராவே இருப்ப?" என்கிறாள்.

நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராகக் கூப்பிடுகிறார்கள். ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து நடத்துவோம் என்றுதானே இந்த இடத்தைப் பிடித்தோம்? நீ வராவிட்டால் கிளினிக்கை மூடிவிட்டு அங்கே சேர்ந்துவிடுவேன். மிரட்டவில்லை. களைத்துவிட்டேன்.

சரி, உன் நேரம் குறிக்கும் வித்தையையும் பார்த்துவிடுகிறேன்.

சீதாலட்சுமி

பார்ன்ஸ்லி,
29 மார்ச் 1998

அன்புள்ள சீதா,

முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தாய். புரிந்தது.

என்னை இங்கே கிளினிக்கில் பங்கு கொடுத்துப் பார்ட்னராகச் சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் இனி இந்த ஊர்தான். சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மனைவியை இழந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் முழங்கால் வலி என்று வருவார். வலி முழங்காலில் இல்லை. அவர் மனசுவிட்டுப் பேச ஆரம்பிக்கும்போது என் பத்து நிமிடம் முடிந்துவிடும். ஆனாலும் அவருக்கென்று ஒரு டாக்டர் இருக்கிறாள். எந்த ஏழைக்கும் இருக்கிறாள். அதை விட்டு வர மனசு வரமாட்டேன் என்கிறது.

சௌம்யா

ஹெப்பகோடி,
3 மே 1998

அன்புள்ள சௌம்யா,

பார்ட்னரம்மா, வாழ்த்துகள். பொறாமையாகத்தான் இருக்கிறது.

உன் வித்தையின் கதியைக் கேள். நர்ஸ் சாந்தகுமாரி ஆளுக்கொரு நேரம் எழுதிச் சீட்டுக் கொடுத்தாள். மறுநாள் எட்டு மணிக்கே அத்தனை பேரும் வாசலில்! "பத்தரைக்குத்தானே வரச் சொன்னேன்?" என்றால், "பக்கத்து வூட்டு அக்கா கிளம்பிச்சு மேடம், கூடவே வந்துட்டேன். அப்புறமா நான் மட்டும் தனியா வரணுமா?" என்கிறாள் ஒருத்தி. பார்த்து முடித்தவர்களும் நகரவில்லை. கூட வந்தவளுக்கு என்ன என்று தெரிந்துகொண்டுதான் போவார்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு எல்லாரையும் விரட்டியிருப்பேன்.

அப்போதுதான் வெளியே பேச்சு காதில் விழுந்தது. "உனக்கும் சோத்தப் பாத்தா குமட்டுதா?" "எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுது." எல்லாரும் ஒரே லைன் வீடு, ஒரே தண்ணீர்த் தொட்டி. தனித்தனியாக வந்திருந்தால் வாய்வு என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பேன்.

மதியமே பூட்டிவிட்டு அங்கே ஓடினேன். தொட்டியை ஒட்டியே சாக்கடை. வீட்டுச் சொந்தக்காரர் வெங்கடசாமியிடம் தொண்டை கட்டும்வரை கத்தித் தொட்டியைக் கழுவி, சாக்கடையைத் தள்ளி வெட்ட வைத்தேன். சில வாரம் போனபின் அங்கே புதிதாக யாருக்கும் காமாலை இல்லை.

ஆனால் நான் பூட்டிவிட்டு ஓடிய அன்று மதியம் ஒருத்தி வலிப்பு வந்த குழந்தையைத் தூக்கிவந்து, பூட்டைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். குழந்தை வேறு இடத்தில் பிழைத்தது. எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. உள்ளே ஒருத்தி, வெளியே ஒருத்தி வேண்டும் சௌம்யா. வருவதும் வராததும் உன் இஷ்டம் என்று எழுத நினைத்தேன். அது பொய். நீ வா.

சீதா

பார்ன்ஸ்லி,
24 மே 1998

என் சீதா,

சீட்டுக் கதைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசி வரியில் அழுதுவிட்டேன்.

பார்ட்னர் வேலை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அந்த முழங்கால் வலிக்காரரிடம் சொல்லத்தான் பயந்தேன். அவர், "உங்களுக்கு அடுத்து யார் வருகிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்தேன். நான் போனாலும் இன்னொருவர் வருவார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நீ போனால் ஹெப்பகோடியில் யாராவது அப்படிக் கேட்க முடியுமா? கேட்கும் காலம் வர வேண்டும். இரண்டு பேராகத் தொடங்குவோம்.

ஜூன் 27, சனிக்கிழமை காலை வந்து இறங்குகிறேன். என்னை அழைக்க ஏர்போர்ட்டுக்கு வந்து நிற்காதே. கிளினிக்கைத் திறந்து வை. நானே பஸ் பிடித்து வந்துவிடுகிறேன்.

உன் சௌம்யா