மூன்று ஸ்டவ்

விருதுநகர்
14.11.2007

அன்புள்ள இக்பால்,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. உன் வீட்டில் தங்கை ஆசியாவும் புதுப் பேத்தியும் சுகம் என்று படித்தேன். இந்த வாரம் எனக்குக் கிடைத்த நல்ல செய்தி அது ஒன்றுதான்.

துபாய் மாநாட்டில் காட்ட நம் பழைய கேஸ் ஷீட்டுகளையும், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த போட்டோக்களையும் கேட்டிருந்தாய். இருபத்திரண்டு வருடம் நாம் சேர்ந்து தோல் ஒட்டிய கைகளும் முகங்களும் மாடியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்துப் பார்த்தேன். அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

காயத்தின் காரணம் என்ற கட்டத்தில் பாதிக்கு மேல் 'ஸ்டவ் வெடித்தது' என்று இருக்கிறது. எல்லாம் என் கையெழுத்து. வெளியூர்க்காரன் படித்தால், இந்த ஜில்லாவில் யாரும் பட்டாசு வேலைக்கே போவதில்லை, வீட்டில் ஸ்டவ் பற்றவைத்தே வெந்துபோகிறார்கள் என்று நினைப்பான். 2004 மார்ச்சில் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்களே, நினைவிருக்கிறதா? ஒரே நாள், ஒரே மணி, மூன்று ஸ்டவ்! அவர்கள் தோலுக்கடியிலிருந்து பட்டாசில் போடும் அலுமினியத் தூளைச் சுரண்டி எடுத்தவனும் நான்தான். வெடித்தது லைசென்ஸ் இல்லாத பட்டாசு ஷெட் என்பதால், கம்பெனி போர்மேன் காசிராஜன் சொன்னதை அப்படியே எழுதினேன். அந்தத் தீபாவளிக்குக் கம்பெனியிலிருந்து வந்த பட்டாசுப் பெட்டியை என் பேரன்கள் வெடித்தார்கள். சீ, என்ன பிழைப்பு பிழைத்திருக்கிறோம்!

அந்த மூவரில் உயிரோடிருப்பவள் முருகம்மாள். போன வாரம் வந்தாள். லேபர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறாள். அவள் தங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரமாக நீட்டியிருப்பது என் ஷீட்டின் நகல்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எங்க வீட்ல ஸ்டவ்வே கெடையாதுங்கய்யா, விறகடுப்புதான்" என்றாள். பிறகு, "மருந்து பட்டுருச்சுன்னு அன்னைக்கே சொன்னேன். ஊசி மருந்தா, தண்ணி மருந்தான்னு கேட்டுச் சிரிச்சீகளே" என்றாள்.

வெடிமருந்தை இங்கே எல்லோரும் வெறும் மருந்து என்றுதான் சொல்வார்கள். அது நமக்கா தெரியாது? அவள் வாயை அடைக்கத்தான் அந்தக் கேலி. நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். எனக்கு மறந்தே போயிருந்தது, இக்பால். அவளுக்கு மறக்கவில்லை.

28ஆம் தேதி சாட்சி சொல்லப் போகிறேன். தெரிந்தே பொய் எழுதினேன் என்று சொல்வேன். டாக்டர் பதிவு போனால் போகட்டும். வீட்டில் சொர்ணலட்சுமி மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை.

ஆனால் நான் மட்டும் சொன்னால், கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்பார்கள். ஆபரேஷன் அறைக்குள் இருந்த இன்னொரு டாக்டரும் எழுதித் தர வேண்டும் என்கிறார் அவளுடைய வக்கீல். மயக்கம் கொடுத்தவன் நீ. உன் அண்ணன் அசன் முகம்மது அந்தக் கம்பெனிக்குத்தான் லேபிள் அச்சடிக்கிறார். அது தெரிந்தேதான் கேட்கிறேன். அவள் 'மருந்து' என்று சொன்னதை நீயும் கேட்டாய் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

புறப்படும்போது, "ஊசி போட்ட பாய் டாக்டர் நல்லா இருக்காகளா?" என்று உன்னையும் விசாரித்தாள். நன்றாக இருக்கிறார், கட்டாயம் எழுதித் தருவார் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் நான் சொன்னதில் இந்த ஒன்றாவது பொய்யாகாமல் இருக்கட்டும்.

உன் பேத்தி நீடூழி வாழட்டும்.

உன்,
வெள்ளைத்துரை