கண் வரையாத காவல்காரன்

என் அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கப்ரில் அடங்கியிருப்பவர்களுக்கும் ஸலாம் உண்டு என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். மற்றபடி தைரியம் என்னிடம் கொஞ்சமும் இல்லை. நான் பயந்துபோய் இருக்கிறேன், உன்னை நினைத்து.

நம் விளையாட்டு மேசை இன்னும் முன் அறையில்தான் கிடக்கிறது. மீன் பெட்டியின் வெள்ளை ரெஜிபோம் நுரைப்பலகையில் நான் செதுக்கிய வரம்புகள், மருதமுனைத் தறிக்காரர் கழித்த பச்சை நூலை நறுக்கி ஒட்டிய வயல், ஈர்க்கில் கட்டிய காவல் பரண், எல்லாம் அப்படியே. தாயக்கட்டை உருட்டி, யானைக் கூட்டத்திடமிருந்து வயலைக் காப்பாற்றும் விளையாட்டை நீதான் கண்டுபிடித்தாய். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு உன் கூட்டாளிமார் போடும் சத்தத்தில் உம்மா காதைப் பொத்திக்கொள்வார்.

நான் மரம் செய்வேன், வீடு செய்வேன், கிணறு செய்வேன். மார்க்கத்தில் கூடாது என்று உயிருள்ளது எதையும் செய்யமாட்டேன். "ராத்தா, நீ மரத்தையும் கிணத்தையும் செஞ்சி சொர்க்கத்துக்குப் போ, ஆக்கள நான் செய்றன்" என்று சிரிப்பாய். பைப் ஓட்டை அடைக்கிற களிம்பைப் பிசைந்து கம்பியில் சுற்றி ஆளாக்கி, ஊசி முனையால் கண் வைப்பாய். வாய்க்கால் திறக்கும் வட்டவிதானை கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிற முறைப்பை அப்படியே பிடித்துவிட்டாயே. அதைப் பார்த்துவிட்டு மனிதர் கொஞ்சக் காலம் உன்னோடு கதைக்கவே இல்லை.

மாரியில் வந்த காய்ச்சல் ஆஸ்பத்திரியில் வைத்தே உன்னைக் கொண்டுபோனபோது அழுதேன், ஆனால் பயப்படவில்லை. பயம் வந்தது போன மாதம், பக்கத்து வீட்டில் பெண்களுக்கு நடந்த மார்க்கப் பயானில். உருவம் செய்தவர்களிடம், செய்ததற்கு உயிர் கொடு என்று மறுமையில் கேட்கப்படும் என்று அங்கே பேசியவர் சொன்னார். எல்லோருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். இத்தனை பேரைச் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாயே, நீ என்ன பதில் சொல்வாய்?

மௌலவி மாமாவிடம் ஓடினேன். "விளையாட்டுச் சாமானுக்கு இடமிரிக்கி எண்டு சொல்ற உலமாக்களும் இரிக்காங்க புள்ள, கூடாது எண்டு சொல்றாக்களும் இரிக்காங்க. மனசு கேக்கல்லையெண்டா தலைய எடுத்திரு. பொறகு அது மரம் மாதிரித்தான்" என்றார். நல்ல மனிதர், என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். எனக்கோ அவர் சொன்னதில் பாதிதான் காதில் ஏறியது.

சவர பிளேட்டோடு உட்கார்ந்தேன். முதலில் ஒரு யானை. தலை சுலபமாகக் கழன்றுவிட்டது. அடுத்து வட்டவிதானையைக் கையில் எடுத்தபோது உம்மா வந்துவிட்டார்.

"என்னகா செய்றா? தலை இல்லாம அவங்க எப்பிடிக் காவல் பாக்கிற?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். உம்மா கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்ப என்ட புள்ளைக்கு வேதனை வருமா?"

என்னோடு கிடந்த பயம் இப்போது வீடு முழுக்கப் பரவிவிட்டது. தொழுது முடித்த பிறகும் உம்மா முஸல்லாப் பாயை விட்டு எழும்புவதில்லை. கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நீ ஆட்களைப் போட்டுவைக்கும் பெட்டியின் அடியில் இன்னும் ஓர் ஆள் கிடந்தான். மடித்துக் கட்டிய சாரன், கையில் டோர்ச், அகலமான இரண்டு காதுகள். அந்தக் காதுகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன்னையே காவல்காரனாகச் செய்திருக்கிறாய். எல்லாம் முடித்து, கண் மட்டும் வைக்காமல் விட்டிருக்கிறாய். நேரம் கிடைக்கவில்லையா, அல்லது உனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்ததா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

அந்தக் கழுத்துக்குப் பக்கத்தில் பிளேட்டைக் கொண்டுபோக என்னால் முடியவில்லை, தம்பி. வருகிற வெள்ளிக்கிழமை அதற்கு நான் கண் வைக்கப் போகிறேன். உயிருள்ள உருவத்தில் என் கை படுவது இதுதான் முதல் தடவை. சரியோ பிழையோ, அல்லாஹ் அறிந்தவன், மன்னிப்பும் அவனிடமே கேட்கிறேன். உம்மாவிடம் சொன்னேன். "கண்ண வடிவா வைகா. அவன் இருட்டில தடுமாறுவான்" என்றார்.

இந்தப் பயம் போகாது, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். உன்னை நிறுத்திக் கேட்கும் நாளில் நீ தனியாக நிற்கமாட்டாய், உன்னைத் தேடி வந்து பக்கத்தில் நிற்பேன். என்னையும் கேட்கட்டும். "நீ கண் வைத்த இவனுக்கு உயிர் கொடு" என்று என்னிடம் கேட்டால், "என்னால் முடிந்திருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கொடுத்திருப்பேனே, ரப்பே" என்று சொல்வேன்.

உன்னை விட்டால் வேறு தம்பி இல்லாத,
உன் ராத்தா