தும்மலை ஒப்புக்கொண்ட கிருஷ்ணப்பன்

பென்னாகரம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் அறிவழகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, ஆடு, மூன்று பேரும் சௌக்கியம். அங்கே டென்மார்க் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று வேடியப்பனை வேண்டிக்கொள்கிறேன். ஆடு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய், சொல்கிறேன், முதலில் இதைக் கேள், நீ வீடு வாங்க அனுப்பிய பணம் பத்திரமாக இருக்கிறது, ஒரு பைசா போகவில்லை. உன் அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள், ஆடுதான் காப்பாற்றியது என்று சொல்லியிருப்பாள், ஊர் முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, மெயிலில் எழுதினால் இன்னொருத்தனும் உட்கார்ந்து படிப்பான் போலிருக்கிறது, அதனால்தான் தபாலாபீஸ் போய் வெளிநாட்டுக்கு எவ்வளவு ஸ்டாம்ப் என்று கேட்டு, கவுண்டரில் இருந்த பெண் ஒரு மாதிரி பார்க்க, இந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்து எழுதுகிறேன்.

வீட்டு விஷயம் உனக்குத் தெரியும். கிருஷ்ணப்பன் தன் பெண்ணோடு பெங்களூரில் போய்த் தங்கிவிட்டதால் இங்கே இருக்கிற வீட்டை நமக்கே தருகிறேன் என்று ஒத்துக்கொண்டு, அட்வான்ஸ் வாங்கி, அக்ரிமெண்ட் போட்டு, அவருடைய பேங்க் கணக்கு நம்பரையும் அந்த அக்ரிமெண்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். பாக்கிப் பணத்தைக் கிரயத்துக்கு முந்தின நாள் அனுப்ப வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், அது அவர் அப்பா கட்டின வீடு, வேடியப்பன் உத்தரவு இல்லாமல் கைமாறக் கூடாது, ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து அது உடம்பைச் சிலுப்பினால்தான் பாக்கியை வாங்குவேன் என்றார். உன் அம்மாவும் அதையேதான் சொன்னாள். கல்யாணம் ஆனதிலிருந்து சுவரில் ஓர் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டே காலம் தள்ளினவள், அவளுக்கு இந்த வீடு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. உனக்கு அது பதினோரு வருஷச் சம்பாத்தியம், அதையும் நான் மறக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் வீரமணியின் ஆட்டுப்பட்டியிலிருந்து ஒரு கிடாயை ஓட்டிக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பும்போது கிருஷ்ணப்பன் பெயரில் என் போனுக்கு ஒரு மெயில் வந்தது. தன் கணக்கில் ஏதோ ஆடிட் நடக்கிறது, அதில் போடவேண்டாம், கீழே இருக்கும் வேறு கணக்கில் இன்று மூன்று மணிக்குள் போடவும், தவறினால் ஓசூர் பார்ட்டி ஒன்று முழுப் பணத்தோடு தயாராக நிற்கிறது, நேற்றுதான் கடைவாய்ப் பல் பிடுங்கினேன், பேச முடியாது, எதுவானாலும் மெயிலிலேயே எழுதவும், அவசரம் என்றால் மட்டும் இந்தப் புது நம்பர். நம் அக்ரிமெண்ட் தொகை, கிரயத் தேதி, உன் பெயர், எல்லாம் பிசகில்லாமல் எழுதியிருந்தது. நான் முப்பத்தோரு வருஷம் ஒகேனக்கல் வண்டியில் கண்டக்டராக இருந்தவன், டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே இறக்கிவிட்டவன் என்று உனக்கே எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறேன். மெயிலுக்கு முகம் இல்லையே அறிவு. நான் என்ன செய்தேன் தெரியுமா, பல் வலிக்குக் கிராம்புத் தைலம் வைக்கவும் என்று பதில் போட்டேன்.

கோவிலில் பூசாரி முதல் சொம்புத் தண்ணீரை ஊற்றினார், ஆடு நின்றது. இரண்டாவது சொம்பு, நின்றது. சாதாரணமாக எந்த ஆடும் தண்ணீர் பட்டால் உதறத்தானே செய்யும், இது மட்டும் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. பத்து மணிக்கு ஆரம்பித்தது, பன்னிரண்டு ஆகிவிட்டது. இதற்குள் கிருஷ்ணப்பன் மெயில் மேல் மெயிலாகப் போட்டார், பணம் ஏன் வரவில்லை என்று. ஆடு இன்னும் சிலுப்பவில்லை என்று எழுதினேன். எந்த ஆடு என்று கேட்டார். நீங்கள் கேட்ட ஆடுதான் என்றேன். அப்புறம், ஆடு எத்தனை மணிக்கு முடியும் என்று வந்தது. அது ஆட்டின் இஷ்டம் என்றேன். வேறு ஆடு ஏற்பாடு செய்ய முடியுமா என்றார். முடியாது, வேடியப்பன் முன்னால் நிறுத்தின ஆட்டை மாற்றக்கூடாது என்றேன். அதற்கு, அப்படியானால் காதில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள் ஐயா, மிகவும் அவசரம் என்று பதில் வந்தது. நான் அதையும் பூசாரியிடம் போய்ச் சொன்னேன், வீட்டுக்காரரே சொல்கிறார் என்று அவரும் காதில் விட்டார். ஆடு துள்ளி ஓடி, பித்தளைக் குடத்தைத் தட்டி, குடத்துத் தண்ணீர் மொத்தமும் உன் அம்மா மேல் கவிழ்ந்து, அவள் இடுப்பில் செருகியிருந்த போன் வரைக்கும் நனைந்தது. பிறகு ஆடு நின்ற இடத்தில் ஒரு தும்மல் போட்டது.

தும்மினால் உத்தரவா இல்லையா என்று அங்கே ஒரு பெரிய பஞ்சாயத்து. பூசாரி, தும்மும்போது தலை ஆடியதே, பாதி உத்தரவு என்று எடுத்துக்கொள்ளலாம் என்றார், அவருக்கும் பசி. உன் அம்மா முடியவே முடியாது என்றாள். எதற்கு வம்பு, வீட்டுக்காரரையே கேட்டுவிடலாம் என்று நான் மெயில் போட்டேன். ஆடு தும்மியது, தங்களுக்குச் சம்மதமா என்று. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, தும்மலை முழு மனதுடன் ஏற்றுக்கொள்கிறேன், பணத்தை அனுப்பவும் என்று வந்துவிட்டது. நான் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உன் அம்மா தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்து, ஏங்க, தன் பொண்ணு கல்யாணத்துக்கே ஆடு தலையை மட்டும் ஆட்டுச்சு, உடம்பு சிலுப்பலைன்னு சாயங்காலம் வரைக்கும் மாப்பிள்ளை வூட்டாரை வெயில்ல நிக்க வெச்ச மனுசன், தும்முனதுக்கு ஒத்துக்குவாரா, இது கிருஷ்ணப்பன் இல்லீங்க என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பல் வலியில் இருக்கிற மனுஷனை இப்படிச் சந்தேகப்படலாமா என்று கத்தினேன். அவளுக்கு நிரூபிக்கவே மெயிலில் இருந்த புது நம்பருக்குப் போன் போட்டேன், அந்தப் பக்கம் ம்ம், ம்ம் என்று முனகல் மட்டும் கேட்டது. பார், பல் பிடுங்கியிருக்கிறார் என்றேன் நான், என் புத்தி அப்படி. அவன் கொடுத்த நம்பர்ல அவன்தானே எடுப்பான், பழைய நம்பருக்குப் போடுங்க என்றாள். பழைய நம்பர் அவள் போனில்தான் இருந்தது, அதுவோ தண்ணீரில் செத்துக் கிடந்தது. அப்போதுதான் அவள் சொன்னாள், அந்த வூட்டுச் சுவத்துல விற்பனைக்குன்னு பெரிசா எழுதி நம்பர் போட்டிருக்குமே, இன்னும் அழிக்கலை என்று. ஷேர் ஆட்டோவில் நான், ஈரப் புடவையோடு உன் அம்மா, ஆடு, மூவரும் ஏறி அந்த வீட்டு முன்னால் இறங்கி, சுவரைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அழுத்தினேன். கிருஷ்ணப்பன் முதல் மணியிலேயே எடுத்தார், வாயில் முறுக்கு நொறுங்குகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஏன்ரீ சென்றாயண்ணா, ஆடு சிலுப்பிச்சா என்று பெங்களூர்க் கன்னடம் கலந்து கேட்டார். தும்மியது என்றேன். தும்மலா, தும்மலுக்கு எங்கப்பன் வூட்டைக் குடுப்பனா நானு என்று அவர் கத்தின கத்தலில் எனக்கு உயிர் வந்தது. பத்து நாளாக எனக்கு மெயிலே அனுப்பவில்லையாம். ஓசூர் பார்ட்டியும் கிடையாது, ஆடிட்டும் கிடையாது.

அங்கிருந்து நேரே பேங்குக்குப் போனோம், ஆட்டை வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் கட்டினோம். கவுண்டரில் இருக்கிற சானியா, ரஹமத் பீவி மகள், என் வண்டியில் பள்ளிக்கூடம் போன பெண், அவள்தான் பொறுமையாக விளக்கினாள். நான் எப்போதோ பிரிண்ட் எடுக்கப் போன பஸ் ஸ்டாண்டு கம்ப்யூட்டர் கடையில் மெயிலைத் திறந்துவிட்டு மூடாமல் வந்திருக்கிறேன், எவனோ உள்ளே புகுந்து மாசக்கணக்கில் நம் மெயிலையெல்லாம் படித்துக்கொண்டு, பணம் போகிற நாளுக்காகக் காத்திருந்திருக்கிறான். மெயில் முகவரியைப் பெரிதாக்கிக் காட்டினாள், கிருஷ்ணப்பன் பெயரேதான், நடுவில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல், என் கண்ணாடிக்கு அது தெரியவில்லை. பேங்க் கணக்கு மாறிடுச்சுன்னு மெயில்ல யார் சொன்னாலும் நம்பாதீங்க ஐயா, ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கிற நம்பருக்குப் பேசி வாயால கேளுங்க, அவசரம்னு எவன் சொல்றானோ அங்கதான் நிதானமா இருக்கணும், முதல்ல சின்னத் தொகை போட்டு வந்துச்சான்னு கேட்டுட்டு மீதியைப் போடுங்க, தப்பாப் போயிட்டா ஒரு நிமிசம்கூடத் தாமதிக்காம பேங்குக்கும் சைபர் போலீஸ் நம்பர் 1930க்கும் சொல்லுங்க என்றாள். நீயும் இதையெல்லாம் மனதில் வை, அங்கே இருப்பவர்களுக்கும் சொல். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன். பழையது என் வண்டி நம்பர், அது ஊருக்கே தெரியும். கடைசியில், நீங்க எதுவும் அனுப்பலையே ஐயா என்று கேட்டாள். இல்லை என்றேன். உன் அம்மாவும் பக்கத்தில் நின்று, அவரு எங்கிட்டக் கேக்காம எதுவும் செய்ய மாட்டாரு என்றாள்.

அறிவு, நான் பொய் சொன்னேன். தும்மலுக்குச் சம்மதம் என்று மெயில் வந்ததும், அதைப் படித்துக் காட்டுவதற்கு முன்னாலேயே, உன் அம்மா பூசாரியோடு வாதாடிக்கொண்டிருந்தபோது, நான் ஆலமரத்துக்குப் பின்னால் போய் அந்தப் புதுக் கணக்கைச் சேர்த்து, முழுத் தொகையும் போட்டு, பட்டனை அழுத்திவிட்டேன். மூன்று மணி ஆகிவிடுமே, வீடு கைவிட்டுப் போய்விடுமே என்ற பயம். ஓடிபி கேட்டது. அது அம்மா நம்பருக்கு வரும். கணக்கைத் தொடங்கும்போது நீதான் அவள் நம்பரைக் கொடுத்தாய், அப்பா இருக்கும்போது அம்மா நம்பர் எதற்கு என்று அன்றைக்கு எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. செத்துப்போன அவள் போனைத் துடைத்துத் தருகிறேன் என்று வாங்கி நான் உதறினேன், ஊதினேன், வெயிலில் காட்டினேன், வேட்டியில் துடைத்தேன், மறுபடி அனுப்பு என்று நாலு தடவை அழுத்தினேன். அது உயிரோடு இருந்திருந்தால் உன் பதினோரு வருஷமும் என் ஒரு விரலில் போயிருக்கும். ஊரில் ஆடு காப்பாற்றியது என்கிறார்கள், சிலர் கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு டீ வாங்கிக் கொடுக்கிறார்கள், அதையும் குடித்துவிட்டு வருகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

ஆடு இதுவரை சிலுப்பவில்லை. கிருஷ்ணப்பன் அவசரமில்லை, அடுத்த மாசக் கடைசியில் நேரில் வந்து கூட நின்று பார்க்கிறேன், அன்றைக்கே கிரயம் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். அதுவரைக்கும் அது நம் வாடகை வீட்டு வாசலில் முருங்கைத் தழை தின்றுகொண்டிருக்கிறது, வீட்டுக்காரர் அதற்கும் அனுமதி கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டார்.

பாஸ்வேர்டு மாற்றின அன்று என் மெயிலை எல்லாம் முதலிலிருந்து பார்த்தேன். அந்தத் திருடன் ஒரே நாளில் எனக்குப் பதினாலு மெயில் எழுதியிருக்கிறான். நீ இந்த வருஷம் ஒன்பது எழுதியிருக்கிறாய். பணம் அனுப்பியிருக்கிறேன் அப்பா, பார்க்கவும். கையெழுத்துப் போட்டு அனுப்பவும். வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன். உன்னைக் குறை சொல்லவில்லை, நான் எழுதினதும் சரி, பார்த்தேன், வந்தது என்பதற்கு மேல் போகவில்லை. ஆனால் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. கிருஷ்ணப்பன் ஒரு தும்மலை ஒப்புக்கொண்டதும் இது அவர் இல்லை என்று உன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, அவரை அவளுக்கு அவ்வளவு தெரியும். நாளைக்கு உன் பெயரில் எவனாவது இரண்டு வரி எழுதினால் அது நீ இல்லை என்று எனக்குத் தெரியுமா? எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதனால் பாக்கிப் பணத்தை நீ உன் வாயால் சொல்லாமல் நான் அனுப்பப்போவதில்லை, மெயிலில் நீ எப்படி எழுதினாலும் சரி. வேடியப்பன் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல புத்தியையும் குறைவில்லாமல் கொடுக்கட்டும், வேலையில் நல்ல பெயர் வரட்டும், காலாகாலத்தில் உனக்கும் ஒரு குடும்பம் அமையட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது அப்பா நல்லா இருக்காரா என்று அவளிடம் கேட்கிறாய், இருக்காரு என்று அவளும் சொல்லி வைத்துவிடுகிறாள். இந்தத் தடவை போனை அப்பாவிடம் கொடு என்று சொல். நான் பக்கத்தில்தான் இருப்பேன், நீ பேசுகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சென்றாயன்