கொடி பிடித்து நின்றவள்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் சுகம், பயப்படாதே.

நேற்று அரிசோனா சாலையில், முன்வண்டிக்குத் தக்கபடி தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியைப் போட்டுவிட்டு, போனில் உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வண்டி சட்டென்று விலகியது. பாதை காலி என்று என் கார் வேகமெடுத்தது. எதிரே சாலைப் பணிக்காரி ஒருத்தி கொடியோடு நின்றாள். தானியங்கி பிரேக்தான் அவளுக்கு ஓரடி முன்னால் காரை நிறுத்தியது.

"காருக்குக் கண்ணு இருக்கு, உனக்கு எங்கய்யா போச்சு?" என்றாள்.

அந்த பிரேக்கைச் சோதிப்பதே என் வேலை என்று சொல்ல நாக்கூசியது. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

இன்று கேட்கப் போனேன். அவள் வேலைக்கு வரவில்லை.

அப்பாவின் கம்பளிச் சட்டையை அனுப்பு. ஞாயிறன்று கட்டாயம் கூப்பிடு. தபால் வண்டி வந்துவிட்டது.

உன் டெல்பர்ட்