வெறும் வயிற்றோடு

மவுண்ட் வெல்லிங்டன்,
ஓக்லாந்து.
17.3.1986

அன்புள்ள தங்கச்சி மெற்றில்டாவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய காவலில் இங்கே நாங்கள் மூவரும் நலம். நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பவில்லை. பெரிய வெள்ளிக்குப் போடும் பாஸ் நாடக ஒத்திகையைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு, ஓரத்தில் ஒரு வரியில், இரத்தப்போக்கு நிற்கவில்லை, கருப்பையை எடுக்க டொக்டர் தந்த இரண்டாவது திகதிக்கும் போகவில்லை, இனி மே ஆறாம் திகதியாம் என்று எழுதுகிற ஆளை எப்படி நம்புவது?

அதை எடுத்துவிட்டால் பிறகு நான் என்ன பொம்பிளை அக்கா என்று கேட்டிருக்கிறாய். மறுமொழி எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அதனால் இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் இன்னும் அந்தக் கைவிடப்பட்ட மிருகங்களின் காப்பகத்தில்தான் கூடு கழுவுகிறேன். விலங்கியல் படிப்பித்தவளுக்குப் பொருத்தமான வேலைதான் என்று அத்தான் பகிடி பண்ணுவார். கோடை முழுவதும் வாசலில் அட்டைப் பெட்டிகள். திறந்தால் கண் திறக்காத பூனைக்குட்டிகள். எல்லாவற்றுக்கும் வீடு கிடைப்பதில்லை, மெற்றில்டா. கிடைக்காதவற்றுக்கு என்ன நடக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. முன்பெல்லாம், பிறகு கொண்டுவந்து குட்டி போடாதிருக்க ஒப்பரேசன் செய்விக்கிறோம் என்ற வாக்கை நம்பிக் கொடுத்தார்களாம். திரும்பி வந்தவர்கள் கொஞ்சப்பேர்தான். அதனால் இப்போது, ஆணோ பெண்ணோ, ஒப்பரேசன் முடியாமல் ஒன்றும் வாசலைத் தாண்டாது.

அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு பெண்பூனை. யார் கை நீட்டினாலும் சீறும், என்னிடம் மட்டும் வரும். பிள்ளை டெல்றீனும் பூனை வேண்டுமென்று ஆறு மாதமாக ஆங்கிலத்தில் அழுகிறாள். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, அதையே கேட்டேன். ஆனால் ஒருமுறையாவது பெற்று வளர்க்கட்டுமே, பாவம், அதற்குள் ஏன் வெட்டுகிறீர்கள் என்று மிருக வைத்தியரோடு வாதாடினேன். அந்தப் பெண் என்னைக் குட்டிகள் இருக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினா. நான் பிறகு வாதாடவில்லை.

ஒப்பரேசன் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. கூட்டில் சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்று அட்டை தொங்கியது. நான் போனதும் அது கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலை நீ கேட்டிருந்தால் நீயும் அதைத்தான் செய்திருப்பாய். தவக்காலம் அல்லவா, நானும் ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடுதான். என் பிளாஸ்கில் பால் இருந்தது. ஒருசந்தி நாளில் அம்மா எங்களுக்குப் பால் தருவாவே, குடிக்கிறது ஒருசந்தியை முறிக்காது பிள்ளையள் என்று. அந்த நினைப்பில் மூடியில் கொஞ்சம் ஊற்றி வைத்தேன். வைத்தியர் வந்து, ஏதும் சாப்பிட்டதா என்று கேட்டா. இல்லை என்றேன். பொய் சொல்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

மயக்க மருந்து கொடுத்த சற்று நேரத்தில் பூனை அந்தப் பாலை வாந்தியெடுத்திருக்கிறது. மயங்கின உயிருக்கு விழுங்கவும் தெரியாது, துப்பவும் தெரியாது. பால் மூச்சுக்குழலுக்குள் போய் நாக்கு நீலமாகிவிட்டது. வைத்தியர் கதவைத் திறந்து, இதற்கு என்ன கொடுத்தாய் என்று கத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. சொன்னேன். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்கள். மூச்சு வரும்வரை நான் கழுவும் வாளியைப் பிடித்தபடி செபமாலை சொன்னேன். என் படிப்பு முழுவதையும் ஒரு பிளாஸ்க் மூடி தோற்கடித்துவிட்டது.

வைத்தியர் ஏசவில்லை. அடுத்த வெள்ளி திரும்பவும் வைப்போம், காவல் நீதான் என்றா. அந்தக் காலையிலும் அது அப்படியே கத்தியது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டருகே நின்றேன். இரங்குவது சுகம், மெற்றில்டா. இரங்காமல் நிற்பதுதான் கஷ்டம். இந்த முறை ஒன்றும் பிசகவில்லை. கண் விழிக்கும்போது என் கை அதன் தலையில் இருந்தது.

இப்போது அது எங்கள் வீட்டில். வயிற்று மயிர் இன்னும் முளைக்கவில்லை. அத்தான் வேலை முடிந்து வந்தால் அவருடைய கதிரையில் அதுதான் இருக்கும். எழுப்பினால் சீறும். ஊரில பூனையை விளக்குமாத்தால கலைச்சனீர், இப்ப எனக்கு இருக்க இடமில்லாமல் பண்ணிப்போட்டீர், இது உம்மட பெரிய மாமியேதான் என்கிறார். அதற்கு மாமி என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒப்பரேசனுக்கு முன் இருந்த அதே திமிர், அதே செல்லம். எதுவும் குறையவில்லை. நான் தினமும் பார்க்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

பூனையையும் உன்னையும் ஒன்றாக்குகிறேன் என்று கோபிக்காதே. நீ மூன்று பெற்றுவிட்டாய். அதுகளுக்கு நீ வேண்டும். எனக்கும் வேண்டும்.

சண்டையில் றோட்டு எப்போது மூடுமென்று தெரியாது. இரண்டு நாள் முந்தியே யாழ்ப்பாணம் போய்ச் சின்னம்மா வீட்டில் தங்கு. நீ கண் விழிக்கும்போது என் கை அங்கே இருக்காது. உன் மனுசன் பெனடிக்றிடம் சொல், கட்டிலை விட்டு அசையக் கூடாதென்பது அக்காவின் கட்டளை என்று.

மாதாவின் காவல் உன்னோடு இருக்கட்டும். ஒப்பரேசன் அன்று காலையில் உன் வாடின முகத்தைப் பார்த்து யாராவது இரக்கப்பட்டுக் கோப்பையை நீட்டுவார்கள். வாங்காதே, என் குஞ்சு. பால் மட்டுமல்ல, வெறும் தேத்தண்ணீரும் வேண்டாம்.

உன் அக்கா,
அன்ரனீற்றா