நாயும் காயும், நீ செய்த தப்பும்

இன்று டிபார்ட்மெண்டில் பழைய பட அட்டைகளை ரத்திக்காரனிடம், அதுதான் பழைய பேப்பர்காரனிடம், போட எடுத்தார்கள். நாய் படம் போட்ட அட்டையை மட்டும் நான் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. ஸ்பிரிட் வாசனையும் குழந்தைகளின் விரல் பிசுக்கும் இன்னும் அதில் இருக்கின்றன. உனக்குத் தமிழ் படிக்க வராது என்று தெரியும். வராவிட்டால் என்ன, இதைத் தமிழில்தான் எழுதுவேன்.

மும்பையில் சயான் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நம்முடைய இரண்டாம் வருஷப் பயிற்சி. மூளையையும் குழந்தை மனத்தையும் படிக்க வந்த ஆறு பேரில் நீ வடாலா மராட்டிக்காரி, நான் தாராவித் தமிழச்சி. ஒரு நாள் எங்கள் தாராவியிலிருந்தே ஏழு வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். வகுப்பில் வாயே திறப்பதில்லை, மனவளர்ச்சி குறைவா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று பள்ளிக்கூடம் எழுதியிருந்தது. இந்தி தெரியும் என்றும் எழுதியிருந்தது. அன்று எனக்கு வார்டில் வேலை. நீதான் படங்களைக் காட்டி இந்தியில் கேட்டுச் சோதித்தாய். பாதிக்கு மேல் பூஜ்யம். நமக்குப் பாடம் எடுத்த மேடம் கையெழுத்துப் போட்டார், ரிப்போர்ட் பள்ளிக்குப் போய்விட்டது.

மறு வாரம் அந்தக் குழந்தையின் அம்மா என்னை வராந்தாவில் பிடித்துக்கொண்டாள்.

"ஏக்கா, எம்புள்ள எல்லாத்துக்கும் பதில் சொன்னேன்னு சொல்லுதா. பொறவு எப்பிடி ஒண்ணுந் தெரியலன்னு எழுதிக் குடுத்தாவ? அவள வேற பள்ளிக்கூடத்துக்கு மாத்தப் போறோம்னு டீச்சர் சொல்லுதாவளே!"

உன் தாளைத் தேடி எடுத்தேன். நாய் படத்துக்கு நேரே 'இல்லை என்கிறாள்'. காய்கறிப் படத்துக்கு நேரே 'என்ன என்று திருப்பிக் கேட்கிறாள்'. மற்ற பல இடங்களில் 'அர்த்தமில்லாத சத்தம்'. கேன்டீனில் உன்னைப் பிடித்து இந்தியில் கத்தினேன். "அடிப்பாவி! உங்க மராட்டியிலதான் நாய்னா இல்லை, காய்னா என்ன. தமிழ்ல நாய்னா நாய்! காய்னா காய்! அர்த்தமில்லாத சத்தமா அது? எங்க வீட்டுல பேசறதுடி!"

நீ சமாளிக்கவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு மேடம் அறைக்கு நடந்தாய். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மொழிப் பிரச்சினைன்னு ஒரு வரி சேர்த்து அனுப்பிட்டா போதும்" என்றார் மேடம். "ரிப்போர்ட்டையே வாபஸ் வாங்கினா உன் ரெக்கார்டுல ஏறும். இந்தத் தடவை நீ பரீட்சை எழுத முடியாது."

"ஏறட்டும் மேடம். குழந்தை பதில் சொல்லியிருக்கு. காது கேக்காதது எனக்குத்தான்."

பள்ளிக்கூடத்துக்கு நீயே போய் அந்த ரிப்போர்ட்டை வாங்கி வந்தாய். இரண்டாம் சோதனைக்கு வேறு படங்கள், கேட்டவள் நான். ஆட்டுப் படத்தைப் பார்த்ததும் அவள், "ஆடு. கயித்த இறுக்கிக் கட்டிட்டாவ, பாவம்" என்றாள். நீ மூலையில் நின்று அழுதாய். மாற்றச் சொன்ன அந்தச் சிறப்புப் பள்ளி, தேவைப்படும் குழந்தைகளுக்கு நல்ல இடம்தான். இவளுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அவள் தன் வகுப்பிலேயே இருந்தாள். நீ ஆறு மாதம் பின்தங்கினாய். உன் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டாய்.

போன மழைக்காலத்தில் டெங்கு நாலே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இன்னும் என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு உன்னைச் சாது என்றார்கள், அமைதி என்றார்கள். கடைசியில் மேடம் எழுந்து, "என் மாணவிகளில் தப்பே செய்யாதவள் அவள்தான்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. உன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் எழுந்தேன்.

"செய்தாள் மேடம். பெரிய தப்பு. அதை ஒளிக்க நீங்கள் வழி சொன்னீர்கள். அவள் ஒளிக்கவில்லை."

அன்றிலிருந்து மேடம் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

இப்போது புது மாணவர்களுக்கு முதல் வகுப்பு நான்தான் எடுக்கிறேன். முதலில் சொல்வது உன் தப்பை, உன் பெயரோடு. செத்தவளைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள். சொல்வேன். தப்பே செய்யாதவள் என்று உன்னை இன்னொரு முறை சாகடிக்க விடமாட்டேன்.