வட்டத்தில் என் முறை

அன்பு எப்சிக்கு, கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் காப்பாராக.

நீ பிள்ளையோடு நாசரேத்தில் உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகும் உன் புருஷன் ஹெப்ரான், "நானா குடிகாரன்?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தான். குடியை விட்டவர்கள் பாளையங்கோட்டையில் கூடிப் பேசுகிறார்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். ஞாயிறு சாயங்காலம் நானே அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

ஜெபக்கூட்டம் மாதிரிதான் இருக்கும் என்று வேதப்புத்தகத்தோடு நானும் வட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். என் முறை வந்ததும், சாட்சி சொல்வதுபோல எழுந்து பேரையும் சபையையும் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்திலிருந்த பெரியவர் பைய, "கூச்சப்படாதீங்கம்மா. எம்புட்டு வருசமா குடிக்கிய?" என்றார்.

உபதேசியார் மகளான என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

ஹெப்ரான் துள்ளி எழுந்தான். "அண்ணாச்சி, எங்கம்மா காப்பி கூட குடிக்க மாட்டாவ. குடிகாரன் நாந்தான்" என்றான். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதான். பெரியவர் அவன் தோளில் கை போட்டு, "நானுந்தாம்லே" என்றார்.

இந்த வாரம் அவனே கிளம்பிப் போயிருக்கிறான். எனக்கு அங்கே என்ன வேலை? நிம்மதியாக வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வா என்று நான் எழுதமாட்டேன். அதை அவனே வந்து கேட்கட்டும். பிள்ளையிடம் மட்டும் சொல்லிவை, ஆச்சி குடிக்கிறவள் இல்லை என்று.

உன் அத்தை